இது ஒன்ன மட்டும்

"இது ஒன்ன மட்டும் வச்சிக்கலாமா சார்?" என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். கூடாது என்றேன். வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

நான் செய்தது இவ்வளவுதான். இதைச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் சேர்க்க முடியாது. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், தேடிப் பார்த்துவிட்டேன்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி எழுதுகிறேன். கேட்காமல் எடுப்பதை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். பெயரையாவது தொடாமல் விட்டுவிடுகிறேன்.

செஞ்சிக் கோட்டை வாசலில் தள்ளுவண்டி வைத்திருந்தாள். வெள்ளரிப்பிஞ்சு, கொய்யா, பருவத்தில் மாங்காய். கீறி, மிளகாய்ப்பொடி தூவிக் காகிதத்தில் மடித்துத் தருவாள். மலை ஏறி இறங்கி நாக்கு வறண்டு வருகிறவர்கள் அவளிடம்தான் முதலில் நிற்பார்கள். அங்கே குரங்குகள் அதிகம். எல்லா வண்டிக்காரர்களும் குச்சி வைத்திருந்தார்கள். அவளிடம் குச்சி கிடையாது. ஒரு குரங்கு வண்டியில் தாவி வெள்ளரியைப் பிடுங்கிக்கொண்டு மதிலில் ஏறினால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, "கேட்டா குடுக்க மாட்டேனாடா?" என்று கத்துவாள். சுற்றுலா வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது உண்மையான வருத்தம்.

பக்கத்து வண்டிக்காரி சாப்பிடப் போன நேரத்தில் இவளிடம் உப்பு தீர்ந்துவிட்டது. அந்த வண்டியிலேயே உப்பு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாடிக்கையாளர்களை நிற்க வைத்துவிட்டு, அந்தம்மா கை கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

"இன்னாக்கா, உப்புக்கூடவா கேக்கணும்? எடுத்துப் போட்டுக்கறதுதான?"

"நீ இல்லாதப்ப டப்பாவத் தொறந்தா எனக்குக் கை நடுங்குதுடீ" என்றாள்.

பேருந்தில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல் அவள் பக்கம்தான் இருக்கும். ஆனாலும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாள், "தொறந்துக்கட்டுமா?" என்று. ஒருமுறை நடத்துநரே பொறுமை இழந்து, "தொறம்மா, ஒன் ஜன்னல், ஒன் காத்து" என்றார். அவள் கிறிஸ்தவள். கல்லறைத் திருநாளன்று கணவர் கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்கக் காற்று விடாமல், பக்கத்துக் கல்லறையின் மறைவில் வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கல்லறைக்காரர்கள் வந்து சேரும்வரை அணைந்த மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடி நின்றாளாம். இதை அவள் மகள் என்னிடம் சொன்னாள். மகளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அவள் கணவர் லாரி ஓட்டுநர். செஞ்சி மண்டியிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு கேரளம், ஆந்திரம் என்று போய்விடுவார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்தக் காலத்தில் கைப்பேசியில் ஒரு பாட்டுச் செயலி இருந்தது. திரைப்படப் பாடலின் பின்னணி இசை ஓடும். வரிகள் திரையில் வரும். நாம் பாட வேண்டியதுதான். இருவர் பாடும் பாட்டென்றால், ஒருவர் தன் பகுதியை மட்டும் பாடி, மற்றவர் பகுதியை வெறும் இசையாக விட்டுவைக்கலாம். வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர் அந்த இடத்தைத் தன் குரலால் நிரப்பிக்கொள்ளலாம். கணவர் எங்காவது லாரியை நிறுத்திவிட்டு ஆண் பகுதியைப் பாடி வைப்பார். இவள் இங்கே பெண் பகுதியைச் சேர்ப்பாள். அவர் சுமாராகத்தான் பாடுவார். தாளம் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தும். அவள் பகுதி வருவதற்குச் சற்று முன், அவள் எதிரில் நிற்பதுபோல, அடிக்குரலில் "ம்... நீ" என்பார். அது எல்லாப் பதிவிலும் இருந்தது.

இவள் பாடியது கோட்டைக்குள் இருக்கும் பழைய தானியக் களஞ்சியத்தில். அங்கே குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தோளைத் தொடும். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் போய், காவலாளியிடம், "அண்ணே, ஒரு பாட்டு பாடிக்கட்டுமா?" என்று கேட்பாள்.

"டெய்லி வந்து கேக்கறியேம்மா. ஒரேடியா மொத்தமா கேட்டுடேன்."

"நாளைக்கி நீங்க வேணாம்னு சொல்லலாமில்ல?"

பாடுவதற்கு முன்னும் கேட்பாள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் அவள் குரல் வரும்: "பாட்டு எழுதினவங்க, மெட்டு போட்டவங்க, மொதல்ல பாடினவங்க எல்லாரும் உத்தரவு குடுங்க." பிறகுதான் இசை தொடங்கும்.

அவர் ஒரு மலைப்பாதை இறக்கத்தில் இறந்துபோனார். மாரடைப்பு. லாரியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தாராம். அடுத்து வந்த காலத்தில் அந்தச் செயலியும் நின்றுபோனது. மூடுவதற்கு முன் மகள் அம்மாவின் பதிவுகளை எல்லாம் இறக்கி, இணையத்தில் எல்லோரும் காணொளி போடும் தளத்தில் அம்மா பெயரில் ஒரு பக்கம் தொடங்கி, அங்கே ஏற்றிக் கொடுத்தாள். பழைய கைப்பேசி கடையில் மாற்றிக்கொள்ளப்பட்டுப் போய்விட்டது. ஆக, அவர் குரல் உலகத்தில் இருந்தது அந்தப் பக்கத்தில் மட்டும்தான். இது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் அவளை அறிந்தது எங்கள் பாட்டுக் குழுவில். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். ஒலிபெருக்கி, இரண்டு மைக், சுவரில் ஒரு டிவி. நான் முறையாகச் சங்கீதம் கற்றவன், சட்டமும் தெரிந்தவன், வயதிலும் மூத்தவன். சமணக் குடும்பம் என்பதால் ஊருக்கு நான் நைனார் சார். ஸ்ருதி விலகினால் திருத்துவேன். என் பாட்டுகளையும் இணையத்தில் போட்டு வைத்திருந்தேன். கேட்க ஆளில்லை. அவள் பக்கத்திலோ யார் யாரோ எழுதினார்கள். "அண்ணன் 'ம், நீ' சொல்றதுக்காகவே தெனம் கேக்கறேன்" என்று துபாயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். தாளம் தவறும் ஒரு லாரிக்காரரின் முனகலுக்கு இத்தனை ரசிகர்களா என்று எனக்கு இருந்தது.

ஒரு ஞாயிறு எங்கள் குழுவின் உரக்கடைக்காரர் முகம் வெளிறி வந்தார்.

"சார், எனக்குக் காப்பிரைட் வந்திருக்குது" என்றார், காமாலை வந்ததுபோல. "ஜெயிலா?"

வாங்கிப் படித்தேன். சொன்னேன்: "ஒரு பாட்டுல பல பேருக்கு உரிமை இருக்குது. எழுதினவர், மெட்டு போட்டவர். நீங்க பாடறீங்களே, அந்தப் பின்னணி இசை, அத தயாரிச்சவனுக்குத் தனி உரிமை. குரல் மட்டும்தான் உங்களுது."

"அதத்தான் சார் யாரும் கேக்கல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"செயலிக்குள்ள பாடினா, அத நடத்தறவன் பாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு வச்சிருப்பான். அத எறக்கி வேற எடத்துல போட்டா அந்த ஒப்பந்தம் கூட வராது. கல்யாண மண்டபத்துல எல போட்டா உக்காந்து சாப்பிடலாம். எலயோட தூக்கிக்கினு வீட்டுக்குக் கெளம்பினா சமையல்காரன் கேப்பான் இல்ல?"

"அப்ப அழிச்சிடட்டுமா?"

"வேணாம். இது வெறும் உரிமைகோரல். பாட்டு எங்களுதுன்னு சொல்றாங்க, அவ்ளோதான். கீழ பாருங்க, நீங்க ஒன்னும் செய்ய வேணாம்னே போட்டிருக்குது. பாட்டு அங்கயே இருக்கும். வெளம்பரம் வந்தா அந்தக் காசு அவங்களுக்குப் போவும். எடுத்துடுன்னு சொல்லி எச்சரிக்கை வரும், அது வேற. அப்படி வந்தா அப்ப எடுத்துக்கலாம்."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. இதெல்லாம் எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். ஞாயிறு கோட்டையில் கூட்டம் அதிகம் என்பதால், வியாபாரம் முடித்து அவள் தாமதமாகத்தான் வருவாள். அன்று அவள் வந்தபோது இந்தப் பேச்சு முடிந்துவிட்டது. வந்தவள் மைக்கைப் பிடித்து, வழக்கம்போல "உத்தரவு குடுங்க" என்றாள். எனக்கு இன்னும் வாத்தியார் வேகம் தணியவில்லை.

"கேட்டா மட்டும் போதாதும்மா. அவங்க குடுக்கணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் அதை யோசித்தாள். "நெஜந்தான் சார்" என்றாள்.

குழுவின் ஆண்டு விழா வந்தது. ஒரு பழைய காதல் பாட்டை என்னோடு பாடும்படி அவளைக் கேட்டேன். என் மனைவி இறந்து நாளாகியிருந்தது. தவறான எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பக்கத்தில் என் குரல் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அவள் எல்லோர் முன்னாலும், மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஜோடிப் பாட்டுல அந்தப் பக்கம் அவரோட எடம். அத வேற ஒருத்தருக்குக் குடுக்கறதுன்னா அவரக் கேக்கணும். இப்ப கேக்க முடியாது இல்ல?"

 பிறகு உரக்கடைக்காரர் தொடையில் தட்டி, "நைனார் சாருக்கு லைசென்ஸ் கெடைக்கல!" என்றார். மாடியே அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டில் நான் யாரோடும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை.

அதற்குப் பிறகு சில வாரங்களில், ஒரு மத்தியானம், என்னைத் தேடி வந்தாள். கையில் கைப்பேசி.

"சார், இன்னா போட்டிருக்குது பாருங்களேன். இங்கிலீஷ்ல இருக்குது. டென்ஷனா இருக்குது."

உரக்கடைக்காரருக்கு வந்த அதே அறிவிப்பு. ஒரு சொல் மாறவில்லை. கீழே, ஒன்றும் செய்ய வேண்டாம் என்ற அதே வரி.

"பாட்டோட சொந்தக்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்கம்மா" என்றேன்.

"இன்னா சொல்றாங்க?"

"அனுமதி இல்லாம எடுத்திருக்கன்னு சொல்றாங்க."

நான் சொன்னதில் பொய் இல்லை. பாதி உண்மை. நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் இப்படிச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டுட்டுத்தான சார் பாடினேன்? ஒவ்வொரு வாட்டியும் கேட்டேனே."

"குடுக்கலயேம்மா. குடுக்காதத எடுத்தா அது திருட்டு. எங்க சமயத்துல அதுக்கு ஒரு விரதமே இருக்குது."

விரதத்தை இழுத்தேன். சிறு வயதில் என் தகப்பனார் சொல்லித்தந்தது அது. அவள் கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். பிறகு எப்படி அழிப்பது என்று கேட்டாள். அவள் பயந்து என்னிடம் கெஞ்ச வேண்டும், நான் ஒருநாள் கழித்து "பரவால்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும், அவள் எனக்குக் கடமைப்பட வேண்டும். இதுதான் என் திட்டமாக இருந்திருக்க வேண்டும். அவள் கெஞ்சவில்லை. நான் எங்கே அழுத்துவது என்று காட்டினேன். அவளே அழுத்தினாள். ஒன்று, மற்றொன்று, அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் "நிரந்தரமாக அழிக்கட்டுமா?" என்று கைப்பேசி கேட்டது. அதுகூடக் கேட்டது.

கடைசி ஒன்றில் விரல் நின்றது. அது அவர்கள் முதன்முதலில் சேர்த்த பாட்டு.

"இது ஒன்ன மட்டும் வச்சிக்கலாமா சார்?"

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். உலகத்துப் பாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பதிலாக நான் உட்கார்ந்திருப்பதுபோல.

"ஒன்னா இருந்தாலும் தப்பு தப்புதாம்மா" என்றேன்.

அழுத்தினாள். "தேங்ஸ் சார், நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் மகள் புதுச்சேரியில் செவிலியர். விஷயம் தெரிந்து வந்தாள். "சார், அதுல ஒன்னும் செய்ய வேணாம்னுதான போட்டிருந்துது? எங்க அப்பா வாய்ஸு வேற எங்கயும் கெடையாது சார்" என்றாள். அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. கண்ணாடி போடாமல் படித்ததாகச் சொன்னேன். முதல் பொய்யை அரையாகச் சொன்னவன் இதை முழுதாகவே சொன்னேன். அந்தப் பெண் என் மூக்கின் மேலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா குழுவுக்கு வருவதை நிறுத்தினாள். களஞ்சியத்துக்கும் போகவில்லை என்று காவலாளி சொன்னார். அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒருநாள் கோட்டைப் பக்கம் போனேன். ஒரு குரங்கு அவள் வண்டியில் ஏறி, அவசரமே இல்லாமல் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு நாள் பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் இருந்தாள். சித்திரை வெயில். ஜன்னல் மூடியிருந்தது. வியர்வை கழுத்தில் வழிய, திண்டிவனம்வரை மூடிய ஜன்னலோரம் அப்படியே உட்கார்ந்து வந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடமிருந்து நான் எதை எடுத்துவிட்டேன் என்பது அந்தப் பேருந்தில்தான் எனக்குப் புரிந்தது.

போய்ச் சொன்னேன். வண்டிக்கு எதிரில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அறிவிப்பில் இருந்த கடைசி வரியை, உரக்கடைக்காரருக்கு நான் சொன்ன பதிலை, மாடியறையில் பட்ட அவமானத்தை. அவள் கொய்யாவைக் கீறிக்கொண்டே கேட்டாள்.

"என்ன மன்னிச்சிடும்மா" என்றேன்.

மிளகாய்ப்பொடி தூவி, காகிதத்தில் மடித்து, காத்திருந்த பையனிடம் கொடுத்தாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"கேட்டா மட்டும் போதாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. அடுத்த வெள்ளரியை எடுத்தாள்.

தளத்துக்கு எழுதினேன். பக்கத்தின் சொந்தக்காரரே நீக்கியதை மீட்க முடியாது என்று பதில் வந்தது. நியாயமான விதிதான். துபாய்க்காரரைத் தேடி எழுதினேன். அவர் கேட்டதோடு சரி, எடுத்து வைத்திருக்கவில்லை. பிறகு திண்டிவனம் சாலையிலிருக்கும் லாரி புக்கிங் ஆபீசில் போய் உட்கார ஆரம்பித்தேன். வருகிற ஓட்டுநர்களை எல்லாம் கேட்டேன். கடைசியில் அவரோடு சேர்ந்து வண்டி ஓட்டிய ஒருவர் அகப்பட்டார்.

"அவன் பாட்டா? நாய்கூட நிக்காது சார்" என்று சிரித்தார். "ஆனா அவன் பாடினா எனக்குத் தூக்கம் வராது. அதுக்கே கூட இட்டுனு போவேன்." சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் தடவியவர் திடீரென்று அதை என் பக்கம் திருப்பினார். என்றோ ஒருநாள், சரியாகக் கேட்கிறதா பார் என்று நண்பருக்கு அனுப்பிய ஒரு பாட்டு. அவர் பகுதி மட்டும். அவள் பகுதி வெறும் இசை.

"இத அந்தம்மாவுக்குக் குடுக்க எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"அதுக்கா கேக்கறீங்க? அனுப்பிக்கோங்க சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூட்டம் இல்லாத உச்சிவேளையில் கொண்டுபோனேன். அவள் கைகழுவி வந்து, என் கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஏதோ ஒரு லாரியின் ஹாரன். செருமல். அவர் பாடினார், பிந்திய தாளத்தில். பிறகு, "ம்... நீ."

வயலின்கள் மட்டும் வாசித்தன. அவள் பாடவில்லை. உதடுகளைச் சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த இடம் காலியாகவே கடந்தது. அவர் மறுபடி வந்தார், ஒன்றும் அறியாமல், அவள் பாடி முடித்துவிட்டாள் என்ற நம்பிக்கையோடு. மறுபடி, "ம்... நீ." வண்டியில் ஒரு குரங்கு ஏறியது. நாங்கள் இருவருமே விரட்டவில்லை.

முடிந்ததும் கேட்டாள். "இது யார்கிட்ட இருந்துது?"

சொன்னேன்.

"அவரக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"குடுத்தாரா?"

"குடுத்தார்."

கைப்பேசியை முந்தானையால் துடைத்தாள்.

"அப்ப இது ஒன்ன மட்டும் நான் வச்சிக்கலாமா சார்?"

அன்றைய சொற்களையே நினைவு வைத்துச் சொன்னாளா, அல்லது எப்போதும்போல வாயில் வந்ததா, எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன். அவள் விடவில்லை.

"வாயத் தொறந்து சொல்லுங்க சார்."

"வச்சிக்கோம்மா" என்றேன். அவள் கைப்பேசிக்கு அனுப்பினேன். வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மழைக்காலத்துக்கு முன் வண்டியை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள். எனக்குச் சொல்லிக்கொண்டு போகவில்லை. அவள் இன்னும் பாடுவதில்லை என்று காவலாளி மூலம் கேள்விப்பட்டேன். அவர் ஒருமுறை புதுச்சேரி போனபோது பார்த்தாராம். தெருவில் போகிறவர்களைக் கேட்டுவிட்டுத்தான் வாசலைக் கழுவுகிறாளாம். அதைக் கேட்டு அன்று மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

அவளுக்கு அனுப்பிய பாட்டு என் கைப்பேசியிலும் தங்கியிருந்தது. ஒரு மாலை தனியாக இருந்தபோது போட்டுக் கேட்டேன். "ம்... நீ" என்றார். என் வாய் திறந்துவிட்டது. ஒரு சொல்கூட வெளிவரவில்லை, ஆனால் திறந்துவிட்டது.

நிறுத்தினேன். இது அவளுக்கென்று கேட்டு வாங்கியது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கைப்பேசி கேட்டது. சரி என்று அழுத்தினேன்.